600 அடி தெரு, 28 மனை: காங்கிரீட்டா, பேவர் பிளாக்கா, தாரா? செலவை எப்படிப் பிரிப்பது?

தெருக்கோடி_வீடு:
தாம்பரத்துக்குத் தெற்கே ஊராட்சிப் பகுதியில் உள்ள பழைய மனைப்பிரிவு. முட்டுச் சந்து. 600 அடி நீளம், 20 அடி அகலம். அதில் 16 அடிக்கு ரோடு, மீதி வடிகாலுக்கு. மொத்தம் 28 மனை (1200 சதுர அடியில் 20, 2400-ல் 8). 17-ல் வீடு இருக்கிறது, 11 காலி. களிமண் தரை, மழையில் முழங்கால் சேறு. ஊராட்சி "இது தனியார் ரோடு" என்று கைவிரித்துவிட்டது. பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. வந்திருக்கும் விலைகள், சதுர அடிக்கு: காங்கிரீட் 165, பேவர் 130, தார் 75.

சங்கத்தில் மூன்று சண்டை. எதைப் போடுவது? காலி மனைக்காரர் தர வேண்டுமா? பெரிய மனைக்கு அதிகமா, எல்லாருக்கும் சமமா?

பத்திரம்_பார்ப்பவர்:
சார், முதலில் ரோடு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் இலவசமாகவே பார்க்கலாம். ஊராட்சிக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். அதோடு அ-பதிவேட்டில் (வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு) ரோடு தனி உட்பிரிவாகிப் பாதை என்று ஏறியிருக்கிறதா, இன்னும் மனை போட்டவர் பட்டாவிலேயே கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

தானப் பத்திரம் இருந்தால் அது ஊராட்சி ரோடு, "தனியார்" என்ற பதில் செல்லாது. இல்லையென்றால் மனை போட்டவரையோ வாரிசுகளையோ பிடித்து எழுதி வாங்கப் பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நமக்கு நாமே திட்டத்தில் (மக்களும் அரசும் செலவைப் பகிர்வது) பொதுவாக மக்கள் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். உங்கள் பேவர் மதிப்பு (600 × 16 சதுர அடி, 130 ரூபாய் வீதம்) 12.48 லட்சம்; அதில் மூன்றில் ஒன்று 4.16 லட்சம், மனைக்கு 15,000-க்கும் கீழே. ஆனால் ரோடு உள்ளாட்சியுடையதாக இருக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு தெருமுனையில் கேட் போட்டுப் பூட்ட முடியாது. பல சங்கங்களில் ஒப்படைப்பை எதிர்ப்பவர்களின் உண்மையான காரணம் இந்த கேட்தான், வெளியே வேறு ஏதாவது சொல்வார்கள்.

மட்டக்கோல்:
விலையை விடுங்கள், அந்த 130-ல் என்னென்ன அடக்கம்? களிமண் தரையில் பேவர் என்றால் கீழிருந்து மேலே: ஜி.எஸ்.பி. (ஜல்லி, கிராவல் அடித்தளம்) 6 அங்குலம், வெட் மிக்ஸ் (ஈரத்தோடு கலந்த ஜல்லி) 6 அங்குலம், மணல் 30 மி.மீ., கல் 80 மி.மீ. மொத்தம் 16 அங்குலம். அவ்வளவும் தோண்டி எடுக்க வேண்டும். சுமார் 128 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) மண். தோண்டாமல் மேலே ஏற்றினால் ரோடு வீட்டு வாசலைவிட உயரும், அடுத்த மழையில் தண்ணீர் ஹாலுக்கு வரும். தோண்டுவதும் மண்ணை வெளியே கொட்டுவதும் கொட்டேஷனில் எழுத்தாக இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

பிறகு தண்ணீர் போகும் வழி. 600 அடிக்குக் குறைந்தது 2 அடி இறக்கம் வேண்டும் (300-க்கு 1). ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்துத் தெருமுனை வடிகாலின் அடிமட்டத்தை முதலில் எடுங்கள். அது உங்கள் தெருவைவிட மேலே இருந்தால் எந்த ரோடு போட்டாலும் குளம்தான். குறுக்கே நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டரை அங்குலச் சரிவு.

தாரை மறந்துவிடுங்கள். 75 ரூபாய்க்கு வருவது 20 மி.மீ. மேல்பூச்சுதான். தண்ணீர் தேங்கும் களிமண் தரையில் ஜல்லியிலிருந்து தார் கழன்றுவிடும்.

ரெடிமிக்ஸ்காரன்:
காங்கிரீட் பக்கமும் ஒருவர் பேச வேண்டுமே. 6 அங்குல கனத்துக்கு எம்30 (காங்கிரீட்டின் வலிமைத் தரம்) கலவை 136 கன மீட்டர், சுமார் 23 லோடு. கீழே ஜி.எஸ்.பி. 6 அங்குலம் போதும், ஆக 12 அங்குலம்தான் தோண்டல். புல் முளைக்காது, ஒழுங்காகப் போட்டால் பல வருடம் கை வைக்க வேண்டாம்.

ஒழுங்காக என்றால்: போட்ட அன்றே, இறுகத் தொடங்கியதும், 13 அடிக்கு ஒரு குறுக்கு வெட்டு, 2 அங்குல ஆழம். அகலம் 16 அடி என்பதால் நடுவில் நெடுக்காகவும் ஒரு வெட்டு வேண்டும். விட்டால் கோணல்மாணலாக அதுவே வெடித்துக்கொள்ளும். சைட்டில் மிக்சர் லாரிக்குள் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். தினமும் ஒரு செட் கியூப் (கலவையில் வார்த்த சோதனைக் கட்டி) எடுத்து 28-ம் நாள் உடைத்துப் பாருங்கள். 14 நாள் சாக்கு போட்டு நனைக்க வேண்டும்.

மட்டக்கோல்:
@ரெடிமிக்ஸ்காரன் எல்லாம் சரி. ஆனால் முட்டுச் சந்து, 17 வீட்டு வண்டி அத்தனை நாள் எங்கே நிற்கும்? பாதிப் பாதியாகப் போட்டாலும் 8 அடியில்தான் போய்வர வேண்டும். பாதாளச் சாக்கடை வரும்போது அத்தனையையும் உடைப்பார்கள். 11 காலி மனைக்கும் குடிநீர், மின்சார இணைப்புக்கு ரோட்டை வெட்டுவார்கள். பேவரைக் கழற்றி அடுக்கலாம், போட்ட அன்றே வண்டியும் ஓடும். எதைப் போட்டாலும் ஒவ்வொரு இரண்டு மனைக்கும் குறுக்கே ஒரு 110 மி.மீ. பி.வி.சி. குழாய், 2 அடி ஆழத்தில், இரு முனையும் மூடிப் புதைத்துவிடுங்கள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பேவர் பள்ளம் விழுவதற்குக் கல் காரணமாக இருப்பது அபூர்வம். ஓரத்தில் கெர்ப் கல்லைக் காங்கிரீட்டில் பதிக்காமல் விட்டால் கல் வெளியே நகரும், இடைவெளி திறக்கும், மணல் கரையும். மணலுக்குப் பதில் கிரஷர் பொடி போட்டாலும் இதே கதை, ஈரத்தில் கூழாகிவிடும். லாரி வரும் தெருவுக்கு 60 மி.மீ. வேண்டாம், 80 மி.மீ., எம்40. இறக்கும்போதே டேப் வைத்து அளந்து பாருங்கள். 300 சதுர அடிக் கல் கூடுதலாக வாங்கி அடுக்கி வையுங்கள், அந்த அச்சு பிறகு கிடைக்காது.

பத்திரம்_பார்ப்பவர்:
செலவுப் பங்கீடு: பேவர் மதிப்பைச் சமமாகப் பிரித்தால் மனைக்கு 44,571. பரப்புப்படி என்றால் சின்ன மனைக்கு 34,667, பெரியதற்கு 69,333. இரண்டுக்குமே சண்டை வரும். பாதியைச் சமமாகவும் பாதியைப் பரப்புப்படியும் பிரித்தால் சின்னதற்கு 39,619, பெரியதற்கு 56,952. பெரும்பாலோர் சகித்துக்கொள்ளும் கணக்கு இதுதான். 17 வீடு மட்டும் சுமந்தால் சராசரி 73,412, அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காலி மனைக்காரர் சங்க உறுப்பினர் இல்லையென்றால் தீர்மானம் போட்டுக் கட்டாயப்படுத்த முடியாது, ரோட்டை மறிக்கவும் கூடாது, அவருக்கும் வழி உரிமை உண்டு. மதிப்பீட்டோடு பதிவுத் தபால் அனுப்பி, இரண்டு தவணை கொடுங்கள். மனை விலை ஏறுவது அவருக்குத்தான் முதல் லாபம் என்பதை நேரில் பேசினால் வழிக்கு வருவார்கள். பணத்தைச் செயலாளர் கணக்கில் வாங்காமல் சங்கக் கணக்கிலேயே வாங்குங்கள், இருவர் கையெழுத்து.

பராமரிப்புக்கு மனைக்கு மாதம் 200 என்றால் வருடம் 67,200. செப்டம்பரில் வடிகால் தூர் வாருவது, முதல் பருவமழை முடிந்ததும் கல் இடுக்கில் மணல் நிரப்புவது, இரண்டுக்கும் போக மீதி சேரட்டும். வீடு கட்டத் தொடங்குபவரிடம் ரோடு டெபாசிட் தனியாக வாங்குங்கள். கம்பி லாரியும் ஜே.சி.பி.யும்தான் பேவரின் எமன்.

தெருக்கோடி_வீடு:
வில்லங்கம் பார்த்தேன், தானப் பத்திரம் இல்லை. பட்டா மனை போட்டவர் பேரிலேயே இருக்கிறது. வாரிசு சம்மதித்தால் ரோடு மொத்தமும் ஒரே பத்திரமா, வடிகால் பகுதிக்குத் தனியா?

பத்திரம்_பார்ப்பவர்:
20 அடியும் ஒரே பத்திரத்தில், மனைப்பிரிவு வரைபடத்தை இணைத்து. எல்லா வாரிசும் கையெழுத்திட வேண்டும், அதற்கு வாரிசுச் சான்று முதலில். எழுதும் முன் ஊராட்சி ஏற்கும் என்ற தீர்மானத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.