மூன்று பெட்டிக்குப் பதில் ஒரே ஸ்ட்ரீமிங் ஆம்ப்: ரெக்கார்டு மட்டும் முனகுகிறது

கேள்வி: ஆம்ப் (ஒலியைப் பெருக்குவது), டாக் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக்குவது), ஸ்ட்ரீமர் (நெட்டிலிருந்து பாட்டு எடுப்பது) என மூன்று பெட்டிகள், பின்னால் ஒயர் சிக்கல். அலுத்துப்போய் நண்பரிடம் ஆல்-இன்-ஒன் ஸ்ட்ரீமிங் ஆம்ப் இரவல் வாங்கி நான்கு நாளாகிறது. வைஃபையில் தவில் அடி இறுக்கமாக விழுகிறது. ரெக்கார்டு ப்ளேயரைச் சொருகினால் மட்டும் கொசு முனகல். பழுதா?

பதில்: பழுதில்லை. அதில் இருப்பது வெறும் லைன் இன், அதாவது ஏற்கெனவே பலமாக வரும் சிக்னலுக்கான துளை. எம்.எம். கார்ட்ரிட்ஜ் (ரெக்கார்டு ப்ளேயரின் ஊசி இருக்கும் பகுதி, காந்த வகை) தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். பேஸும் (அடித்தொனி) மெலிந்திருக்குமே? ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்துவிடுவார்கள். சிக்னலைப் பெருக்கி, பேஸையும் மீட்டுத் தருவது ஃபோனோ பிரீஆம்ப். தனியாக ஒன்று வாங்குங்கள்.

இன்னொருவர் பதில்: ஆக, மறுபடி ரெண்டு பெட்டி! பழைய ஆம்பை விற்றுவிடாதீர்கள். ஆப் அப்டேட் நின்றால் ஸ்ட்ரீமிங் போச்சு.

கேட்டவர்: பேஸ் இல்லைதான். பழைய ஆம்பின் முதுகைப் பார்த்தேன், ‘ஃபோனோ’ என்றே எழுதியிருக்கிறது; அந்த பிரீஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது போல. சரி, அது பரணுக்குப் போகாது.