கதவடைத்த அண்ணனும் அக்காவும்: மாடத்தி வீடு திரும்பும் அத்தியாயத்தில் சண்டை வேணுமா, வேண்டாமா?

ஆரல்காற்று
நம்ம கூட்டுத் தொடரோட 14ஆம் அத்தியாயம் சிக்கி நிக்குது. புதுசா வாறவங்களுக்குச் சுருக்கமா கதை இதுதான். ஆரல்வாய்மொழியை மனசுல வச்சு உருவாக்கின ஒரு கணவாய். அதைக் காக்குற தறவாட்டுல, அதாவது கூட்டுக் குடும்பத்துல, மூணு பிள்ளைகள்: மூத்தவன் கண்டன், அடுத்தவ உமையாள், கடைக்குட்டி மாடத்தி. பிணப்படை கணவாய் தாண்டின ராத்திரி அண்ணனும் அக்காவும் கோட்டைக் கதவை உள்ளே இருந்து அடைச்சாங்க. 13 வயசு மாடத்தி வெளியே. கள்ளிக்காட்டு யட்சி அவளை எடுத்து வளர்த்தா. 12 வருஷம் கழிச்சு வீட்டுக்கு வாறா.

இப்போதைய வரைவு 2,400 சொல். நாலுகட்டு வீட்டு முற்றத்துல சுருள்வாள் வீசுறா. சண்டைக்கு நடுவுல 900 சொல்லுக்கு அந்த ராத்திரி நினைவு. பிறகு அண்ணன் நெஞ்சுல வாளை இறக்கிச் சாய்க்கிறா. அக்கா அழுதுகிட்டே காரணம் சொல்லுதா. படிச்சவங்க எல்லாருமே சப்புன்னு இருக்குன்னு சொல்லிட்டாங்க. எங்க பிசகு?

சுவடு
பிசகு ஆயுதத்துலயே இருக்கு. சுருள்வாள் குத்துற ஆயுதம் இல்ல. மெல்லிசான எஃகுத் தகடு, அதுக்கு நெஞ்சுல இறங்குற விறைப்பு கிடையாது. சுழற்சி இருக்குற வரைதான் அதுக்கு உயிர். கை ஒரு நொடி நின்னா தகடு தொய்ஞ்சு விழும், திரும்ப வேகம் ஏத்தணும். ஒரு தடவை தூண்ல பட்டா மடங்கி வீசினவ முழங்காலையோ முகத்தையோ கிழிக்கும். நாலுகட்டு முற்றத்துல நாலு பக்கமும் தூண், கூரையோட இறவாணம் கையெட்டுற உயரத்துல இறங்கி நிக்கும். அங்க சுருள்வாளை அவுக்கிறவ முதல்ல தன்னையே வெட்டிக்குவா.

அதைவிடப் பெரிய ஓட்டை, ஆறாம் அத்தியாயத்துல நாமளே எழுதினது. யட்சி கைபட்டவளுக்கு இரும்பு ஆகாது, கோட்டைக் கதவோட ஆணியைத் தொட்டதும் உள்ளங்கை பொசுங்குது. அப்படிப்பட்டவ இடுப்புல எஃகுத் தகட்டைச் சுத்திக்கிட்டு எப்படி வாறா?

மான்கொம்பு கொடுங்க. கருமானோட ரெண்டு கொம்பை, முனை எதிரெதிரா வர்ற மாதிரி சேர்த்துக் கட்டி நடுவுல பிடிக்கிறது. முனையில இரும்புப் பூண் போடுற வழக்கமும் உண்டு, இவளுக்கு அது வேண்டாம். வெட்டாது. வாற அடியை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் தூரத்துல குத்தும். அதனால அவ அண்ணன் மூச்சு முகத்துல படுற அளவுக்கு நெருங்கியாகணும். அந்த நெருக்கம்தான் இந்த வரைவுல இல்லாதது.

வில்லடி
சுவடு அண்ணன் சொன்ன ஆயுதக் கணக்கு அத்தனையும் சரி. ஆனா எனக்குச் சண்டையே வேண்டாம்னுதான் தோணுது.

நம்ம ஊரு நீலியைப் பாருங்க. முப்பந்தல் இசக்கிக்கு வில்லுல பாடுற கதை. அதுலயும் விட்டுட்டுப் போன பிள்ளை உண்டு. நீலியையும் கூடப் பொறந்த நீலனையும் பெத்த ராசாவே காட்டுல கொண்டு விடுதான். பழி வாங்க வாறவ ஆயுதம் எடுக்குதாளா? கள்ளிக் கொம்பை ஒடிச்சுப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு ஊர்ப் பெரியவங்க முன்னால போய் நிக்குதா. ‘இவன் என் புருசன், என்னைச் சேத்து வையுங்க’ன்னு வழக்கு வைக்குதா. அவ பழி வாங்க வந்தது ஒரு செட்டியை, அவன் கையில இருக்குற மந்திரக் கத்திதான் அவனுக்குக் காப்பு. ‘அவன் கத்தியோட இருந்தா என்னைக் கொன்னுருவான், அதை வாங்கி வையுங்க’ன்னு அவங்க வாயாலேயே சொல்ல வைக்குதா. பெரியவங்க ‘அவன் உயிருக்கு நாங்க பிணை’ன்னு சொல்லி ரெண்டு பேரையும் ஒரு வீட்டுல அடைக்காங்க. அதோட எல்லாம் முடிஞ்சு போச்சு. தொண்டை நாட்டுப் பழையனூர்க் கதையில பிணை சொன்ன 70 வேளாளரும் தீயில இறங்குதாங்க.

பயம் எதுல இருக்கு பாருங்க. செட்டி சாகுற இடத்துல இல்ல. நல்ல மனுசங்க ஞாயம்னு நினைச்சுக் கத்தியை வாங்கி வைக்குற இடத்துல. கோயில் கொடையில வில்லுப்பாட்டுப் பாடுற அண்ணாவி அந்த இடத்தைத்தான் நீட்டிப் பாடுவாரு, கொலையை ரெண்டு அடியில கடந்துருவாரு. மாடத்தியும் அண்ணன் வீட்டுக்குப் போகாம, ஊர்ப் பெரியவங்க கூடுற பிடாகைக் கூட்டத்துக்குப் போகட்டும்.

சுவடு
> பிடாகைக் கூட்டத்துக்குப் போகட்டும்

போகட்டும் தம்பி, ஆனா அங்கேயே முடிச்சிராதீங்க. நீலிக்குச் செட்டி போன பிறவிப் பகை. மாடத்திக்குக் கண்டன் கூடப் பொறந்தவன். மூணு பேரும் ஒரே ஆசான்கிட்ட அடிமுறைச் சண்டைக்கலை படிச்சதா மூணாம் அத்தியாயத்துல இருக்கு. ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடுன்னு கால்வைப்பு எல்லாம் அண்ணன் காலைப் பார்த்து இவ போட்டது. அவன் அடுத்து எந்தக் காலை எடுப்பான்னு இவளுக்குத் தெரியும், இவ எங்க ஒதுங்குவான்னு அவனுக்கும் தெரியும். 12 வருஷத்துல அவ காட்டுல புதுசா ஒரு சுவடு சேர்த்திருப்பா. அதை அவ வைக்கிற அந்த நொடியில அவனுக்கு எதிரே நிக்குறது யாருன்னே தெரியாமப் போகும். பக்கம் பக்கமா பேசினாலும் இது வராது.

இன்னொண்ணு வர்மம். 108 வர்மத்துல படுவர்மம் 12, தொடுவர்மம் 96. ஆசான்மார் அடியைச் சொல்லித்தந்தாலும், அடிபட்டவனை மீட்டு எழுப்புற இளக்குமுறையைக் கடைசியிலதான் தருவாங்க, பொறுமை பார்த்து, ஆள் பார்த்து. மாடத்தி 13 வயசுல வெளியே நின்னவ. அடிக்கத் தெரியும், இளக்கத் தெரியாது. அந்த வீட்டுல இளக்குமுறை படிச்சவ உமையாள் மட்டும்தான். வர்ம நூல்கள்ல ஒவ்வொண்ணுக்கும் இத்தனை நாழிகைக்குள்ள இளக்கணும்னு கணக்கு உண்டு, நாழிகைக்கு 24 நிமிஷம். மாடத்தி கண்டனோட விலாப்பக்கம் இருக்குற அடப்பகால வர்மத்துல கொம்போட பிடியால தட்டட்டும். அவன் விழட்டும். இனி உமையாள் ஓடி வரணும், தங்கச்சி நிக்குற இடத்தைக் கடந்து வரணும்.

பூதப்பாண்டிக்காரி
ரெண்டு பேரும் முக்கியமான கேள்வியை விட்டுட்டீங்க. கதவை ஏன் அடைச்சாங்க? வரைவுல அக்கா ‘பயந்துட்டோம்’னு சொல்லுதா. அது ஒரு வாக்கியத்துக்கு மேல தாங்காது.

தறவாடுன்னு எழுதிட்டு மருமக்கள் வழியை மறந்தா எப்படி? நாஞ்சில் நாட்டு வேளாளர்ல 1926 சட்டம் வரைக்கும் இருந்த முறை இது. ஆண்பிள்ளை காரணவனா இருந்து சொத்தைப் பார்த்துக்குவான், ஆனா அது அவன் மக்களுக்குப் போகாது, சகோதரி மக்களுக்குப் போகும். அவன் பெத்த பிள்ளைகளுக்கு உகந்துடைமைன்னு ஒரு சின்னப் பங்குதான். இந்த முறையால வீட்டுக்குள்ள நடந்த சீரழிவைத்தான் கவிமணி மருமக்கள் வழி மான்மியத்துல பாடி வச்சிருக்காரு.

இப்போ கதைக்கு வாங்க. கண்டனுக்கு ரெண்டு தங்கச்சி. உமையாள் வழி ஒரு தாவழி, அதாவது தாய்வழிக் கிளை, மாடத்தி வழி இன்னொண்ணு. மாடத்தி இல்லன்னா தறவாட்டுச் சொத்து முழுக்க உமையாள் மக்களுக்கு. உமையாள் மகளைக் கண்டன் மகனுக்குக் கட்டினா, அது முறைதானே, அந்தச் சொத்தெல்லாம் கண்டனோட பேரப்பிள்ளைகளுக்கே வந்து சேரும். அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரே கதவுல ஒரே ஆதாயம். இந்தக் கணக்கைக் கதைக்குள்ள வச்சா உமையாள் அழ முடியாது. அழுதா யாரும் நம்ப மாட்டாங்க, மாடத்தியும் நம்ப மாட்டா.

வில்லடி
அக்கா, சொத்துக்காகன்னு வந்துட்டா கண்டன் ரொம்பச் சின்ன ஆளாயிருவான். இது சிவில் கேசு மாதிரி ஆகும். பிணப்படை கதவுக்கு நாலடியில நிக்கையில எவனும் பேரப்பிள்ளையை நினைக்க மாட்டான். பயம்தான் உண்மை. எனக்குக் கண்டன் மேல இரக்கம் வரணும், வந்தாத்தான் இவ செய்யப்போறது வலிக்கும்.

பூதப்பாண்டிக்காரி
சரி, அந்த ராத்திரி பயம்னே வச்சுக்குவோம், எனக்குச் சம்மதம். பிணப்படை விடியுறதுக்கு முன்னால போயிரும்னு ரெண்டாம் அத்தியாயத்துலயே எழுதியிருக்கோம். கோழி கூப்பிட்ட பிறகும் கதவு அடைச்சே இருந்தது. மாடத்தி கள்ளிப் புதருக்குள்ள உச்சி வெயில் வரைக்கும் அந்தக் கதவைப் பார்த்துக்கிட்டே கிடந்தா. ராத்திரி அடைச்சது பயம். விடிஞ்சும் திறக்காதது கணக்கு. ராத்திரி முழுக்கக் கதவுக்குப் பின்னால உக்காந்திருந்த ரெண்டு பேருக்கும் விடியக்காலத்துலதான் அந்தக் கணக்கு வந்திருக்கும். யாரு முதல்ல வாயைத் திறந்தாங்கன்னு மட்டும் எழுதிராதீங்க.

அதனால மாடத்தி கேக்க வேண்டியது ஒரே கேள்வி. ‘ஏன் விட்டுட்டுப் போனீங்க’ன்னு கேக்கக் கூடாது, அதுக்கு அவங்க 12 வருஷமா பதில் தயார் பண்ணி வச்சிருக்காங்க. ‘விடிஞ்ச பிறகு ஏன் திறக்கல?’ இதுக்கு அவங்ககிட்ட பதில் கிடையாது.

வில்லடி
இது சரி. இதை ஒத்துக்கிடுதேன். அந்தக் கேள்வியைக் கூட்டத்துல கேக்கட்டும், ஊரே கேக்கணும். கண்டனைப் பற்றி ஊருக்குத் தெரிஞ்சது, ‘தங்கச்சியைப் பிணப்படை கொண்டு போச்சு, அவ நினைவா நடுகல் வச்சான்’ங்கிறது மட்டும்தான். ஊர்க்காரங்க அந்தக் கல்லுக்குப் படையல் போட்டிருக்காங்க. உயிரோட நிக்குறவ தனக்குப் போட்ட படையலைப் பற்றிக் கேட்டாப் போதும்.

ஆரல்காற்று
இந்த இடத்துல ஒரு சின்னத் திருத்தம், நானே கவனிக்காதது. வரைவுல ஆடி மாசம், கணவாய்ல பந்தம் அசையாம எரியுது. ஆடியில கச்சான் காத்து அந்த வாய்க்குள்ள புகுந்து வாற வேகத்துல பந்தம் ஒரு நொடி நிக்காது. அம்பும் நேராப் போகாது, வில்லாளிகளைத் தூக்கிட்டேன். கூட்டத்தைப் பகல்ல, மண்டபத்துக்குள்ள வைக்கிறேன். 900 சொல் நினைவையும் வெட்டி ரெண்டாம் அத்தியாயத்துல 300 சொல்லாச் சேர்த்துட்டேன், 14ல அதுக்கு 30 சொல் போதும். கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போகணுமா, அங்கேயே நிறுத்தணுமா? அதுதான் மிச்சம்.

சுவடு
வீட்டுக்குப் போகணும். காரணம் அந்த வாசல். பழைய நாலுகட்டுல வாசல் நிலை தாழ்வு. தலை குனியாம யாரும் உள்ளே நுழைய முடியாது, குனிஞ்சா பிடரி தெரியும். உள்ளே ஒருத்தன் வாளோட நின்னா வாறவ தலை அவனுக்குத்தான். பெரியவங்க பிணை சொல்லி, கண்டன் கையில இருந்த வாளை வாங்கி வச்சுட்டாங்கன்னு வில்லடி வழியிலேயே வச்சுக்கிடுதேன். ஆனாலும் நிலைக்கு உள்பக்கம் வெட்டுக்கத்தி சொருகுற இடம் ஒண்ணு உண்டுன்னு அந்த வீட்டுல பொறந்த மூணு பேருக்குத்தான் தெரியும். அவ குனியணும். குனியும்போது அவன் கை அந்த இடத்துக்குப் போகுதா இல்லையான்னு அவ பார்க்க முடியாது. நான் கேக்குற சண்டை இந்த ஒரு குனிவுதான். அடி ஒண்ணு போதும். மூணு பக்கம் வேண்டாம்.

வில்லடி
கை போகலைன்னா?

சுவடு
போகும். போகலைன்னா அவன் விடியக்காலத்துல கதவைத் திறந்திருப்பான்.

பூதப்பாண்டிக்காரி
போகட்டும். ஆனா உமையாள் எங்க நிக்கா? அவளை நெல்லுப் பத்தாயத்துப் பக்கம் நிறுத்துங்க, கையில சாவிக்கொத்து இருக்கணும். காரணவன் வாள் வச்சிருந்தாலும் நெல்லுக்குச் சாவி அவகிட்ட. அண்ணன் கத்தியை எடுக்குறது அவ கண்ணுக்குத் தெரியும், வாசல்ல குனியுறவளுக்குத் தெரியாது. ஒரு சொல் சொன்னாப் போதும், தங்கச்சி பிழைப்பா. அன்னைக்குக் கதவடைச்ச மாதிரியேதான் இதுவும்.

ஆரல்காற்று
இப்படி மாத்தியிருக்கேன். பார்த்துச் சொல்லுங்க:

*நிலையில் வலக்கையை ஊன்றினாள். மரம் பழைய மரம்தான். அவள் உயரம் மாறியிருந்தது. சின்ன வயதில் குனியாமல் ஓடிப்போன வாசல் இது. குனிந்தாள். தரையில் தன் நிழலும் அண்ணன் கால் விரல்களும் தெரிந்தன. வலது பெருவிரல் மண்ணை அழுத்தியது. பத்தாயத்துப் பக்கம் சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கி நின்றது. அக்கா வாய் திறக்கவில்லை.*

இதுக்கு அப்புறம் கொம்போட பிடி, அடப்பகாலம், கண்டன் விழுறது. இது 60 சொல்லுல முடியுது. அதுக்கு அப்புறம் மாடத்தி பேசாம நிக்கா. நாழிகை ஓடுது.

சுவடு
நல்லா இருக்கு. ஒரு பிழை. வலக்கையால எட்டி எடுக்கப் போறவன் பாரத்தை இடது கால்லதான் மாத்துவான். இடது பெருவிரல்னு திருத்துங்க. அந்த விரல் அழுந்துறதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியணும்.

வில்லடி
உமையாள் இளக்க வாறாளா இல்லையா?

பூதப்பாண்டிக்காரி
வருவா. அவன் செத்தா ஊர்ப்பிணை அவ தலையிலயும் விழும், கல்யாணப் பேச்சும் முறியும். வந்து அண்ணன் பக்கத்துல உக்காருவா. ஆனா இளக்குறதுக்கு ரெண்டு கையும் வேணும். சாவிக்கொத்தைக் கீழே வைக்கணும், தங்கச்சி காலடியில.

ஆரல்காற்று
பெருவிரல் திருத்திட்டேன். சாவி கீழே வைக்குற சத்தத்தோட அத்தியாயத்தை நிறுத்துறேன்.