அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் அஹ்மெட் எர்டெகன்: இப்படி ஒரு கம்பெனி முதலாளி உண்டா?

சுழல்தட்டு:
இசைக் கம்பெனி முதலாளி என்றாலே பாடுகிறவன் வயிற்றில் அடிப்பவன்தான் என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்த இழை.

எர்டெகன் 1923இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். அப்பா அமெரிக்காவில் துருக்கித் தூதர். வாஷிங்டனில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்க இடம் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில், இவரும் அண்ணன் நெசுஹியும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாஸ் கலைஞர்களைத் தூதரகத்துக்கே அழைத்துச் சாப்பாடு போட்டு வாசிக்க வைத்தார்கள். தென்மாநில செனட்டர் ஒருவர், கறுப்பர்கள் முன்வாசல் வழியாக வருகிறார்களே என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினாராம். "எங்கள் வீட்டில் நண்பர்கள் முன்வாசல் வழியாகத்தான் வருவார்கள். நீங்கள் வந்தால் பின்வாசலுக்கு ஏற்பாடு செய்கிறோம்" என்ற பொருளில் பதில் போனதாக எர்டெகன் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்.

1947இல் குடும்பப் பல் மருத்துவரிடம் 10,000 டாலர் வாங்கி, ஹெர்ப் ஆப்ராம்சனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு நியூயார்க்கில் அட்லாண்டிக்கைத் தொடங்கினார். தனி ஸ்டுடியோ கிடையாது. பகலில் ஆபீஸாக இருக்கும் அறையில் சாயங்காலம் மேசை நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒலிப்பதிவுப் பொறியாளர் டாம் டௌட் மைக் வைப்பார், பதிவு நடக்கும். பாடகர் ரே சார்ல்ஸை வேறொரு கம்பெனியிடமிருந்து 2,500 டாலர் கொடுத்து 1952இல் கொண்டுவந்தார். அதுவரை நாட் கிங் கோல் என்ற பாடகரின் சாயலில் பாடிக்கொண்டிருந்தவரைத் தன் சொந்தக் குரலில் பாட விட்ட இடம் அட்லாண்டிக். இதைச் செய்தவரை வெறும் வியாபாரி என்று எப்படிச் சொல்வது?

மீனாட்சி_திருநகர்:
எல்லாம் சரி சார். பாடகி ரூத் பிரவுன் பெயரை ஏன் விட்டுவிட்டீர்கள்? 50களில் அந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர் அவர். அட்லாண்டிக்கை "ரூத் கட்டிய வீடு" என்றே சொல்வார்கள். 1950இல் அவருடைய ஒரே பாட்டு பதினோரு வாரம் ரிதம் அண்ட் புளூஸ் (கறுப்பர்களின் இசை வகை) பட்டியலில் முதலிடத்தில் நின்றது.

1961இல் அட்லாண்டிக்கை விட்டு வெளியே வந்தார். அதற்கப்புறம் பிள்ளைகளைக் காப்பாற்ற அடுத்தவர் வீட்டில் வேலை செய்தார், பள்ளி பஸ் ஓட்டினார். பழைய இசைத்தட்டுகள் மறுபதிப்பாக விற்றுக்கொண்டிருந்தன, விற்பனையில் பாடகருக்குச் சேரவேண்டிய பங்கான ராயல்டி இவர் கைக்கு வரவில்லை. கேட்டபோது, நீதான் கம்பெனிக்குப் பாக்கி என்று கணக்குக் காட்டினார்கள். முன்வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டது பெரிய விஷயம்தான். உள்ளே வந்தவருக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டாமா?

சுழல்தட்டு:
மீனாட்சி மேடம், பெயரை மறைக்கவில்லை. அந்தக் கதையின் தொடக்கத்தையும் சொல்லுங்கள். 1948 அக்டோபரில் நியூயார்க் வரும் வழியில் பென்சில்வேனியாவின் செஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் கார் விபத்து. கால்கள் நொறுங்கி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. ஒரு தட்டுகூட வெளிவராத பெண். மருத்துவச் செலவில் அட்லாண்டிக் கைகொடுத்தது. 1949 ஜனவரி 12, அவருடைய பிறந்த நாள், எர்டெகன் ஆஸ்பத்திரிக்கே போய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். கையில் என்ன கொண்டுபோனார் தெரியுமா? இசைக் குறிப்பைப் பார்த்ததும் பாடக் கற்றுத்தரும் புத்தகம், சுருதி சேர்க்க ஒரு பிட்ச் பைப், எழுதிப் பழக ஒரு பெரிய தாள் கட்டு. அன்றைக்கு எத்தனை கம்பெனிகள் ஒரு பாட்டில் மதுவையோ பழைய காடிலாக் காரையோ கையில் கொடுத்து உரிமையை எழுதி வாங்கிக்கொண்டிருந்தன!

பேரேடு:
இடையில் வருகிறேன். ஒரு ஆடியோ கம்பெனியில் எட்டு வருடம் ராயல்டி கணக்குப் பார்த்தவன் நான். பெயர் வேண்டாம். "நீதான் பாக்கி" என்பது எப்படி வரும் என்று சொல்கிறேன்.

ஸ்டுடியோ செலவு, வாசித்தவர்கள் சம்பளம், அட்வான்ஸ் எல்லாம் பாடகர் பேரில் பற்று, அதாவது அவர் கடனாக, எழுதுவோம். ராயல்டியை வரவு வைப்போம். பற்று தீரும்வரை கைக்குக் காசு போகாது. உதாரணத்துக்கு ஒரு பதிவுக்கு 3,000 டாலர் செலவு, பாடகருக்குத் தட்டுக்கு 3 சென்ட் என்று வையுங்கள். அவர் பற்று தீர 1,00,000 தட்டு விற்க வேண்டும். கம்பெனிக்குத் தட்டுக்கு 20 சென்ட் நின்றால் 15,000 தட்டிலேயே அதன் செலவு வந்துவிடும். மிச்சம் 85,000 தட்டு விற்கும்போது கம்பெனிக்கு லாபம், பாடகருக்கு இன்னும் கடன். அதற்குள் அடுத்த பதிவுக்குக் கூப்பிடுவார்கள், பற்று மறுபடி ஏறும். ஓடிய பாட்டின் வரவு ஓடாத பாட்டின் பற்றுக்குப் போய்விடும்.

இதில் எங்கேயும் பொய்க் கணக்கு தேவையில்லை. ஒரு முறை வயதான பாடகர் ஒருவர் ஸ்டேட்மெண்ட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்து, "தம்பி, இந்தக் கழித்தல் குறி எதுக்கு?" என்று கேட்டார். விளக்கினேன். ஒரு தப்பும் இல்லாத கணக்கு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வில்லிவாக்கம்_பாஸ்கர்:
பேரேடு அண்ணா சொல்வது அந்தக் காலத்துத் தொழில் முறை. அதற்கு எர்டெகன் ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமா? நான் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். ஒரு பாட்டு எங்கே உயிர் பிடிக்கிறது என்று தெரிந்த முதலாளி கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். தன் பெயரைத் திருப்பிப்போட்டு 'நுகெட்ரே' என்று பாட்டு எழுதியவர் இவர். இசைக் குறிப்பு எழுதத் தெரியாது, வாயால் பாடித்தான் காட்டுவார். அப்படிப்பட்ட காது உள்ளவர் இல்லாவிட்டால் ரூத் பிரவுன் குரலே நமக்குக் கிடைத்திருக்காது.

மீனாட்சி_திருநகர்:
தொழில் முறை என்றால் எல்லாருக்கும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் பாஸ்கர். 1959 கடைசியில் ரே சார்ல்ஸ் ஏபிசி-பாரமவுண்ட் என்ற வேறொரு இசைக் கம்பெனிக்குப் போனார். அங்கே மூலப் பதிவுகள் தனக்கே சொந்தமாகும்படி ஒப்பந்தம் வாங்கினார். ஆக, அந்தக் காலத்திலேயே முடியும். கொடுக்க மனசு வேண்டும், அல்லது கேட்கிறவர் கையில் பலம் வேண்டும்.

ஸ்டாக்ஸ் கதை இன்னும் மோசம். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனி தட்டுகளை அட்லாண்டிக் விநியோகித்தது. முதலில் வாய்ப்பேச்சு நம்பிக்கை. 1965இல் எழுத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். 1967இல் அட்லாண்டிக் வார்னர்-செவன் ஆர்ட்ஸுக்கு 1.75 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அப்புறம்தான் ஸ்டாக்ஸின் ஜிம் ஸ்டூவர்ட்டுக்கு, விநியோகித்த பதிவுகளெல்லாம் அட்லாண்டிக்குச் சொந்தம் என்று அந்த 1965 ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது தெரியவந்தது. ஸ்டாக்ஸின் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் 1967 டிசம்பரில் விமான விபத்தில் செத்துப்போயிருந்தார். அவர் பாடியதும் சேர்ந்து போயிற்று.

சுழல்தட்டு:
ஸ்டாக்ஸ் விஷயத்தைப் பார்த்துக்கொண்டவர் கூட்டாளி ஜெரி வெக்ஸ்லர். அந்த ஷரத்து தனக்கே தெரியாது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஸ்டூவர்ட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதாக ஒப்புக்கொண்டவர்.

ஒன்றை நான் மறுக்கவில்லை. நிறுவனத் தலைவர் பெயரில் நல்லது எழுதினால் கெட்டதும் அவர் பெயரில்தான் எழுத வேண்டும். ஆனால் 1988ஐ விட்டுவிடாதீர்கள். சுமார் 35 பழைய கலைஞர்களின் பற்றை அட்லாண்டிக் தள்ளுபடி செய்தது, ராயல்டியைப் பின்னோக்கிக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது. பழைய கலைஞர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் புளூஸ் ஃபவுண்டேஷன் தொடங்க 15 லட்சம் டாலர் கொடுத்தது. மற்றக் கம்பெனிகளுக்கு அதற்கப்புறம்தான் நெருக்கடி வந்தது.

மீனாட்சி_திருநகர்:
தானாகக் கொடுத்ததா? ஹவல் பெகல் என்ற வாஷிங்டன் வக்கீல், ரூத் பாட்டின் ரசிகர், காசு வாங்காமல் வருடக்கணக்கில் போராடினார். பத்திரிகையில் வந்தது. அதே 1988 மே மாதம் அட்லாண்டிக்கின் நாற்பதாண்டு விழா மேடிசன் ஸ்கொயர் கார்டனில். அந்த நேரத்தில்தான் கம்பெனி இறங்கிவந்தது. நாள் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

பேரேடு:
நாள் பார்த்ததோ இல்லையோ, பற்றைத் தள்ளுபடி செய்வது சின்ன வேலை இல்லை. ஒரு கணக்குப் பிரிவில் அந்த வரியைக் கிழித்துப் போட வைக்க மேலிருந்து ஆள் சொல்ல வேண்டும். எர்டெகன் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. அதே மனிதர் நினைத்திருந்தால் 1961இலும் செய்திருக்கலாம். எனக்கு அவரிடம் உள்ள வழக்கு அந்த 27 வருடம் மட்டும்தான். அதில்தான் ரூத் பஸ் ஓட்டினார்.

வில்லிவாக்கம்_பாஸ்கர்:
அந்த அம்மாவே அவரோடு சமாதானமானவர்தானே? விழா மேடையில் பாடினார். 1993இல் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அந்த ஹால் ஆஃப் ஃபேமைத் தொடங்கியவர்களில் எர்டெகனும் ஒருவர்.

மீனாட்சி_திருநகர்:
அவர் மன்னித்தது அவர் பெருந்தன்மை. அதை எர்டெகன் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

சுழல்தட்டு:
இந்த வரிக்கு என்னிடம் பதில் இல்லை மேடம். இழையின் தலைப்பை மாற்ற இங்கே வசதி இல்லை, இருந்தால் ரூத் பெயரையும் சேர்த்திருப்பேன்.

2006 அக்டோபர் 29, நியூயார்க் பீக்கன் தியேட்டரில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியின்போது மேடைக்குப் பின்னால் எர்டெகன் விழுந்து தலையில் அடிபட்டார். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே நவம்பர் 17 ரூத் பிரவுன் போய்விட்டார். டிசம்பர் 14 இவரும். ரூத் போனது இவருக்குத் தெரிந்ததா என்று இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.