எகிப்திய பாணி மரகத நகைகள்: கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

லென்ஸ்காரர், லண்டன்:

பழைய நகைகளில் எகிப்திய பாணிக்கென்றே ஒரு கிறுக்கர் கூட்டம் உண்டு. நானும் அதில் அடக்கம். சிறகு விரித்த வண்டு, தாமரை மொட்டு, வல்லூற்று முகம் கொண்ட தெய்வம், நடுவில் ஒரு பச்சைக் கல். விற்பவர் வாயில் அந்தப் பச்சை எப்போதும் மரகதம்தான். வாங்க வந்தவர் கொஞ்சம் ஏமாளியாகத் தெரிந்தால் அது "கிளியோபாட்ராவின் சுரங்கத்து மரகதம்" என்று பதவி உயர்வும் பெறும். எதில் எவ்வளவு உண்மை என்று நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதலாம். நான் தொடங்கி வைக்கிறேன்.

சென்ற குளிர்காலத்தில் இங்கே ஒரு சனிக்கிழமைச் சந்தையில் தங்கப் புரோச் (உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகை) ஒன்று கண்ணில் பட்டது. 1860-களின் கை வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பத்தாண்டில் ஐரோப்பாவுக்கு எகிப்துப் பைத்தியம் பிடித்திருந்தது. 1867 பாரிஸ் கண்காட்சியில் ராணி ஆஹ்ஹோதெப்பின் கல்லறை நகைகளை மக்கள் முண்டியடித்துப் பார்த்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ரோமில் காஸ்டெல்லானி, லண்டனில் ஜியூலியானோ என்று பெரிய கைகள் எல்லாம் அந்தப் பாணியில் இறங்கின. அவர்களைப் பார்த்துச் செய்த சின்னப் பட்டறைகள் ஏராளம். இந்தப் புரோச் அந்த இரண்டாம் வகை.

சீட்டில் "மரகதம்" என்று எழுதியிருந்தது. கல்லின் பின்புறம் திறந்திருந்ததால் வேலை சுலபமாகிவிட்டது. கடைக்காரரின் பில் புத்தகத்திலிருந்து ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, கல்லின் முகம் கீழே படும்படி கவிழ்த்து வைத்தேன். பச்சையைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் ஒன்று தெரிந்தது. பச்சைக் கண்ணாடியின் தலையில் கார்னெட் என்னும் செந்நிறக் கல்லைச் சீவல் கனத்துக்கு உருக்கி ஒட்டிய இரட்டைக் கல் அது. கண்ணாடி சீக்கிரம் தேய்ந்துவிடும், கார்னெட் தேயாது. அதனால் மேல்முகம் பல காலத்துக்கு மினுமினுக்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒட்டிய கோடும், கோட்டை ஒட்டித் தட்டையான காற்றுக் குமிழிகளும் தெரியும். மேல் பாதியின் பளபளப்பு ஒரு மாதிரி, கீழ்ப் பாதியினது வேறு மாதிரி.

கடைக்காரரிடம் வளையத்தைக் காட்டினேன். மனிதர் நல்லவர். "மரகதம்" என்பதை அடித்துவிட்டு "பச்சைக் கல்" என்று எழுதினார். விலையை மட்டும் அடிக்கவில்லை.

கெய்ரோக்காரன்:

கட்டுமானப் பணியில் கெய்ரோவில் சில ஆண்டுகள் இருந்தேன். விடுமுறை நாட்களில் கான் எல்-கலீலிக் கடைத்தெருதான் கதி. நகை வாங்கியது குறைவு. தேநீர் குடித்து விலை கேட்டதே அதிகம். ஒரு முறை கடைக்காரர் ஒருவர் வெல்வெட் துணியை விரித்து, துட்டன்காமன் முகம் செதுக்கிய பதக்கத்தை வைத்து, "பாருங்கள், ஃபாரோக்களின் மரகதம்" என்றார்.

அதற்கு முந்தைய வாரம்தான் தஹ்ரீர் சதுக்க அருங்காட்சியகத்தில் (துட்டன்காமன் பொருட்கள் அப்போது அங்கேதான் இருந்தன) அந்த மன்னனின் நகைகளைக் கண் வலிக்கப் பார்த்திருந்தேன். நீல லாபிஸ், சிவப்புக் கார்னீலியன், டர்காய்ஸ், நிறக் கண்ணாடி. பச்சை வேண்டிய இடத்தில் அமசோனைட், பச்சை ஜாஸ்பர், ஃபயான்ஸ் என்னும் பளபளப்பூட்டிய பீங்கான். மரகதம் மட்டும் இல்லை. மார்புப் பதக்கம் ஒன்றின் நடுவில் மஞ்சள் கலந்த பச்சையில் ஒரு வண்டு இருக்கிறதே, அதுகூட மேற்குப் பாலைவனத்தில் கிடைக்கும் இயற்கைக் கண்ணாடி.

அப்படியானால் எகிப்தில் மரகதமே இல்லையா என்றால், இருந்தது. ஃபாரோக்களின் காலம் முடிகிற இடத்தில்தான் அதன் கதை தொடங்குகிறது. ஃபாரோக்களுக்குப் பின் எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சமான தாலமி மன்னர்கள் காலத்தில் தொடங்கி, ரோமர்கள் பெரிய அளவில் தோண்டினார்கள். இடம் செங்கடல் பக்கத்து மலைகள்: வாடி சிகைத், ஜெபல் ஸபாரா. ரோமர்கள் "மோன்ஸ் ஸ்மராக்டஸ்" (மரகத மலை) என்றார்கள். பிறகு உலகம் அதை மறந்தே போனது. எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷாவுக்காகக் கனிமம் தேடிப் போன பிரெஞ்சுக்காரர் ஃபிரெடெரிக் கையோ 1817 வாக்கில் மறுபடி கண்டுபிடித்தார்.

மர்சா ஆலம் ஊரிலிருந்து அபாப்தா என்னும் பாலைவனக் குடியைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவருடன் ஜீப்பில் அங்கே போனேன். வாடி எல்-கெமால் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் இடம் என்பதால் அனுமதி வாங்க வேண்டும். பாறையைக் குடைந்த கோயில் ஒன்று, சரிவெங்கும் கல் வீடுகளின் இடிபாடு, எலி வளைகளாய்ச் சுரங்க வாய்கள். வழிகாட்டி தரையில் கிடந்த கருநிறக் கல் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அபிரகம் மினுங்கும் ஷிஸ்ட் பாறை. அதில் பென்சில் ஈயத்தின் பருமனுக்கு, ஆறு பட்டையோடு, வெளிறிய பச்சைக் குச்சி ஒன்று பதிந்திருந்தது. வெயிலில் பிடித்தாலும் ஒளி ஊடுருவவில்லை. உள்ளே ஒரே விரிசல். பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே போட்டார். எடுத்துப் போவது குற்றம், எடுத்துப் போக அதில் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

கடைத்தெருப் பதக்கத்தின் கல்லோ பாட்டில் பச்சையில் துளி மாசு இல்லாமல் பளிங்காக இருந்தது. கேட்ட விலைக்கு எகிப்து மரகதம் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றால், அது எகிப்தும் இல்லை, மரகதமும் இல்லை.

பேத்தி, டொராண்டோ:

கெய்ரோக்காரன் அண்ணா, அப்படியானால் ஃபாயூம் ஓவியங்களில் பெண்கள் கழுத்தில் இருக்கும் பச்சை மணிகள் என்ன?

கெய்ரோக்காரன்:

அவை ரோமானிய காலத்து மம்மிகளின் முகத்தில் வைத்த ஓவியங்கள், சகோதரி. ஃபாரோக்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. அந்தப் பச்சை மரகதமே. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ரோமானிய மாலைகளைப் பாருங்கள்: மரகதத்துக்குப் பட்டை தீட்டவே மாட்டார்கள். ஆறு பட்டைக் குச்சி இயற்கையாக எப்படி விளைந்ததோ அப்படியே நீளவாக்கில் துளையிட்டுத் தங்கக் கம்பியில் கோத்திருப்பார்கள். உண்மையான எகிப்து மரகத நகை என்றால் எனக்கு அதுதான். ஆனால் எகிப்திய பாணி என்று கடைக்காரர்கள் விற்கும் எதிலும் அந்த வடிவத்தை நான் கண்டதில்லை!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிகைத் சுரங்கங்களுக்குப் பக்கத்துத் துறைமுகம் பெரெனிகே. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும், நம் நாட்டுச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகும் தோண்டி எடுத்த அதே பெரெனிகே. பிளெம்மியர்கள் என்னும் பாலைவன மக்களிடம் எத்தியோப்பியர்கள் மரகதம் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுபோய் விற்கிறார்கள் என்று 6-ஆம் நூற்றாண்டு வணிகர் காஸ்மாஸ் எழுதி வைத்திருக்கிறார். மிளகு இங்கிருந்து அங்கே, பச்சைக் கல் அங்கிருந்து இங்கே. தென்னிந்தியப் பழைய மணிகளில் ஒன்றிரண்டாவது சிகைத் மலையில் பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆதாரம் கேட்காதீர்கள்.

பட்டறைக்காரன், பாரிஸ்:

புதுச்சேரியில் பத்தர் குடும்பம். இங்கே பழைய நகை பழுது பார்க்கும் பட்டறையில் கல் பதிக்கிறேன். கெய்ரோக்காரன் சொன்னதற்கு என் பக்கத்திலிருந்து ஒரு ஒத்தாசை: மரகதம் உண்மையாகவே இருக்கும் எகிப்திய பாணி நகைகளும் உண்டு. ஆனால் அந்த மரகதம் எகிப்தைப் பார்த்திருக்காது.

1922 நவம்பரில் ஹோவார்ட் கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையைத் திறந்ததும் பாரிஸில் கார்ட்டியே, வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ், லாக்லோஷ் என்று எல்லாரும் எகிப்துக்குத் தாவினார்கள். கார்ட்டியேக்காரர்கள் நிஜமான பழைய ஃபயான்ஸ் துண்டுகளை வாங்கி, சுற்றிலும் வைரமும் மரகதமும் பதித்தார்கள். மூவாயிரம் ஆண்டு வயதான மலிவுப் பீங்கானுக்கு வைரம் காவல் நிற்கும். அந்தத் துணிச்சலுக்கு நான் அடிமை. வான் கிளீஃப் 1923 தொடங்கிச் செய்த கைப்பட்டைகள் வேறு மாதிரி: பிளாட்டினத்தில் வைரத் தரை, அதன்மேல் மாணிக்கம், மரகதம், நீலம், ஓனிக்ஸ் கொண்டு பறவைகளும் தெய்வங்களும் கல்லறைச் சுவரில் நிற்பதுபோலவே வரிசையாக நிற்கும்.

அந்தக் காலத்துக் கைப்பட்டை ஒன்று (பெயர் முத்திரை இல்லாதது) எங்கள் மேஜைக்கு வந்தது. தாமரைத் தண்டு முழுக்க மரகதம். ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் அகலம், அடிப்பக்கம் பட்டை, மேல்பக்கம் லேசாக உப்பிய மழமழப்பு. தண்டு வளைகிற இடத்தில் கல்லும் வளைவாகவே வெட்டியிருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் முடி நுழையாது. அளவெடுத்து அந்த இடத்துக்கென்றே தேய்த்த கல் என்பதால், ஒன்று போனால் கடையில் போய் இன்னொன்று வாங்க முடியாது.

ஒன்று போயிருந்தது. முன்பு யாரோ அந்த இடத்தில் பச்சைக் கண்ணாடியை வைத்துச் சமாளித்திருந்தார்கள். சாதாரணக் கண்ணுக்கு நிறம் பொருந்தியே இருந்தது. லென்ஸில் பார்த்தபோது அக்கம்பக்கத்துக் கற்களின் ஓரம் கூர்மையாக இருக்க, இதன் ஓரம் மட்டும் மழுங்கிச் சிராய்த்திருந்தது. சட்டைக் கையில் உரசி உரசிக் கண்ணாடி தேய்ந்துவிடும். மரகதம் அவ்வளவு எளிதில் தேயாது, ஆனால் தட்டினால் உடையும். அதுதான் எங்களுக்குத் தலைவலி. புதுக் கல் தேய்ப்பவர் பாதி வேலையில் கல் தெறித்துப் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நிறம் பொருந்த கொலம்பியக் கல்லாகத் தேட வேண்டியிருந்தது, ஏனென்றால் 1920-களில் பாரிஸுக்கு வந்த நல்ல மரகதம் பெரும்பாலும் கொலம்பியாவினுடையது. அதில் ஒரு பங்கு முகலாயர் காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து, மகாராஜாக்களின் பெட்டிகளில் இருந்து, பழைய கல்லாக ஐரோப்பாவுக்குத் திரும்பியது.

அந்தக் கைப்பட்டையின் கொக்கியும் விட்டிருந்தது. பற்றவைக்க ஊதுகுழலைக் கொண்டுபோகலாமா என்று புதிதாக வந்த பையன் கேட்டான். கூடாது. மரகதத்தின் விரிசல் தெரியாமலிருக்க எண்ணெய் ஊற வைத்திருப்பார்கள். சூடு பட்டால் எண்ணெய் வெளியேறி விரிசல் வெளுத்துத் தெரியும், கல்லே பிளக்கவும் கூடும். கொக்கியைத் தனியாகக் கழற்றித்தான் சரி செய்தோம். வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே. அல்ட்ராசானிக் (ஒலி அதிர்வால் அழுக்கு நீக்கும்) தொட்டியில் போடாதீர்கள். வெதுவெதுப்பான நீர், மென்மையான பிரஷ், அவ்வளவுதான்.

பேத்தி, டொராண்டோ:

இவ்வளவு பெரிய நகைகளுக்கு நடுவில் என்னுடையது சின்னது. என் அம்மம்மா 1950-களில் கொழும்பிலிருந்து கப்பலில் இங்கிலாந்து போனார். ஏடன், சூயஸ், போர்ட் சயீத் என்று நின்று நின்றுதான் அந்தப் பயணம். போர்ட் சயீதில் கப்பலைச் சுற்றி வள்ளங்கள் மொய்க்கும். வியாபாரிகள் கூடையில் சாமானை வைத்துக் கயிற்றில் மேலே ஏற்றிவிடுவார்கள், காசு அதே கூடையில் இறங்கும். அப்படி ஏறி வந்த வெள்ளிப் புரோச் இப்போது என்னிடம். சிறகுகளில் நீலமும் சிவப்பும் எனாமல் (சுட்டு ஒட்டிய கண்ணாடிப் பூச்சு), நடுவில் வண்டு, வண்டின் முதுகு பச்சைக் கல்.

குடும்பத்தில் அதற்குப் பெயர் "மரகதப் பூச்சி". பெரிய மாமி அதன் மீது கண் வைத்திருந்தது தனிக் கதை. போன மாதம் மரகதத்தைச் சோதிக்கும் நிறக் கண்ணாடியான செல்ஸி ஃபில்டர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். கல் பச்சையாகவே தெரிந்தது, சிவக்கவில்லை. அப்படியானால் மரகதம் இல்லை என்று முடிவு கட்டலாமா? பின்புறம் அரபு எழுத்து எண்களில் (٨٠٠) 800 என்று முத்திரை இருக்கிறது. இன்னொரு குறி தேய்ந்துவிட்டது.

லென்ஸ்காரர், லண்டன்:

சகோதரி, அந்த ஃபில்டரை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். 1934-இல் அது வந்தபோது கொலம்பிய மரகதத்துக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் சொல்ல நன்றாகவே உதவியது. கொலம்பியக் கல்லில் குரோமியத்தால் செந்நிறம் தெரியும். ஆனால் இரும்பு அதிகமுள்ள மரகதங்கள் (இந்தியா, ஜாம்பியா) உண்மையாக இருந்தும் சிவக்காமல் போகலாம். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செயற்கை மரகதமோ பளிச்சென்று சிவந்து உங்களை ஏமாற்றும். லென்ஸில் உருண்டைக் குமிழியும் பாகு கலக்கியது போன்ற சுழிகளும் தெரிகின்றனவா பாருங்கள். தெரிந்தால் கண்ணாடி. கப்பலோரத்தில் கூடையில் ஏறி வந்தது என்று நீங்கள் சொல்வதை வைத்து, நான் பந்தயம் கட்டுவதாயிருந்தால் கண்ணாடி மேல்தான் கட்டுவேன்.

அரபு எழுத்தில் உள்ள 800 முத்திரை எகிப்தில் செய்த வெள்ளி என்பதற்கு நல்ல அடையாளம். அதே வடிவத்தில் ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரத்துப் பட்டறைகளும் வெள்ளியும் எனாமலுமாக நிறையச் செய்தன. செக் நாட்டு யாப்லோனெட்ஸில் நெய்கர் சகோதரர்கள் பித்தளையிலும் கண்ணாடியிலும் ஃபாரோ முகங்களை வார்த்துத் தள்ளினார்கள். நெய்கர் மாலைகளில் மரகதம் என்று யாரும் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருந்ததில்லை. கண்ணாடி என்று தெரிந்தே சேகரிப்பாளர்கள் அவற்றுக்குப் போட்டி போடுகிறார்கள்.

பச்சை வண்டு என்றதும் பிரிட்டிஷ் மியூசியத்தின் லேடி கிரான்வில் மாலை நினைவுக்கு வருகிறது. 1884-85-இல் லண்டனில் செய்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மரகதமே தோற்கும் பச்சை. கிட்டப் போனால் எல்லாம் நிஜப் பூச்சிகள், தென் அமெரிக்க வண்டுகள், கால்களை எடுத்துவிட்டுத் தங்கத்தில் கட்டியவை. பெரிய மாமியிடம் இந்தப் படத்தைக் காட்டுங்கள்.

பேத்தி, டொராண்டோ:

பார்த்துவிட்டேன். குமிழி இருக்கிறது, இரண்டு பெரியவை, ஒன்று சரியாக வண்டின் கழுத்தடியில். கல்லின் ஓரத்தில் சின்ன உடைசல் வேறு. மாற்றலாமா, பட்டறைக்கார அண்ணா?

பட்டறைக்காரன், பாரிஸ்:

மாற்றாதீர்கள். அந்தக் கண்ணாடியும் எனாமலும் ஒன்றாகப் பிறந்தவை. கல்லைக் கழற்ற வெள்ளிப் பல்லை நிமிர்த்தினால் பக்கத்து எனாமல் தெறிக்கும், அதை மறுபடி சுடுவதற்குக் கல்லை விடப் பல மடங்கு செலவாகும். ஊசி மட்டும் தளர்ந்திருந்தால் உள்ளூர்ப் பத்தரிடம் கொடுத்து இறுக்கிக்கொள்ளுங்கள், பற்றவைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு.