ரைசன் 7600, பி450 போர்டு, டிடிஆர்4 ரேம்: மூன்றும் ஒன்றாகச் சேருமா?

குடியாத்தம்_கேமர்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஊர் குடியாத்தம், காட்பாடிப் பக்கம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்பாவின் பழைய லேப்டாப்பில் கேம் ஆடி ஆடி அதன் ஃபேன் சத்தம் பக்கத்து வீட்டுக்கே பழகிவிட்டது, அதனால் இந்த முறை பாகம் பாகமாக வாங்கி நானே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் மாட்டலாம் என்று இருக்கிறேன். கையில் 60 ஆயிரம். அதற்கு மேல் வீட்டில் வாய் திறக்க முடியாது.

மாமா பையன் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு சும்மாவே கொடுத்துவிட்டான் (ஒன்றில் 3200, இன்னொன்றில் 2666 என்று போட்டிருக்கிறது). நண்பன் ஒருவன் பி450 மதர்போர்டைக் குறைந்த விலைக்குத் தருகிறான். அதில் ரைசன் 5 7600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, சேமிக்க ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி என்று திட்டம். கேபினெட் போன வாரமே வாங்கியாகிவிட்டது, கூடவே 450 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லா பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று வந்தது. மற்றதற்கு இன்னும் பணம் கட்டவில்லை. கட்டலாமா?

பாலாற்று_மணல்

கட்டாமல் கேட்டாயே, அதுவே பெரிய விஷயம் தம்பி. சேராது. விலை ஒத்துவருகிறதா என்பதெல்லாம் அப்புறம், முதலில் அந்த பிராசசர் அந்த போர்டில் உட்காரவே உட்காராது. 7600-க்கு ஏஎம்5 சாக்கெட் வேண்டும், அதில் ஊசிகள் போர்டில் இருக்கும், பிராசசரின் அடி வழவழவென்று 1718 புள்ளிகளோடு இருக்கும். உன் நண்பனின் பி450 ஏஎம்4, அங்கே நிலைமை தலைகீழ், பிராசசரின் அடியில் 1331 ஊசிகள், போர்டில் ஓட்டைகள். ரேமும் அப்படித்தான். ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும், உன்னிடம் இருப்பது டிடிஆர்4, இரண்டின் அடி விளிம்பிலும் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் அமுக்கினாலும் இறங்காது (அமுக்கிப் பார்க்காதே).

உன் இடத்தில் நான் இருந்தால் இலவசமாக வந்த ரேமை விடமாட்டேன், இப்போது ரேம் விற்கிற விலைக்கு அது சீர் வரிசை மாதிரி. 7600-ஐ மறந்துவிட்டு ரைசன் 5 5600 எடு. அதுவும் ஆறு கோர், பெட்டியிலேயே கூலர் வரும், 1080பியில் (முழு எச்டி திரையில்) 4060-ஐ ஓட்ட அது போதும். ரேம் இரண்டும் 2666 வேகத்தில்தான் ஓடும், மெதுவான மாட்டின் வேகத்தில்தானே வண்டி போகும். ஆனாலும் இரண்டு ரேம் இருப்பது ஒற்றை ரேமைவிட நல்லது. நாலு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடு, பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரட்டைச் சேனல் (இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்வது) கிடைக்காது.

ஒரு சிக்கல் இருக்கிறது. பி450 வந்தது 2018-ல், ரைசன் 5000 தொடர் 2020 கடைசியில். பழைய பயாஸ் (போர்டுக்குள் இருக்கும், கம்ப்யூட்டரைத் துவக்கும் மென்பொருள்) உள்ள போர்டுக்கு 5600 என்றால் யாரென்றே தெரியாது, திரை கருப்பாகவே நிற்கும். நண்பனிடம் இப்போது அந்த போர்டு பழைய ரைசனோடு ஓடிக்கொண்டிருக்கிறதல்லவா, அதைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அவன் வீட்டில் உட்கார்ந்து பென்டிரைவில் புதிய பயாஸ் ஏற்றிவிடு. போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குப் போனால் எந்தப் பயாஸிலிருந்து 5600 ஓடும் என்று பட்டியல் இருக்கும். மாடல் பெயரோடு ரிவிஷன் எண்ணையும் பார், அது போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும்.

கஸ்பா_கரண்ட்

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் எல்லாரும் எஸ்எம்பிஎஸ்ஸை விட்டுவிடுவீர்களே. கேபினெட்டோடு வந்த 450 வாட் என்பது பெரும்பாலும் அட்டைப்பெட்டி வாட். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்லுங்கள் ப்ரோ, பிராசசரும் கார்டும் குடிப்பது அதிலிருந்துதான். 4060 மட்டும் 115 வாட், 5600 முழு வேலையில் எழுபது எண்பது, மற்றதெல்லாம் சேர்த்து ஐம்பது வைத்தால் 250-ஐத் தொடுகிறது. 4060-க்கு என்விடியாவே 550 வாட் எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்கிறது. நல்ல கம்பெனியின் 550 வாங்குங்கள், அதில் 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) என்ற முத்திரை இருந்தாலே தரம் என்று நினைத்துவிடாதீர்கள், அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று மட்டும்தான்.

கேபிளிலும் ஒரு கண் வையுங்கள். பிராசசருக்குப் போகும் 8 பின் நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுக்குப் போவது ஆறும் இரண்டுமாகப் பிரியும். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் அதனுடைய கேபிளைத் தவிர வேறு எதையும் சொருகவே கூடாது. நான் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா கேபிளைப் புதியதில் சொருகினேன், பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது, ஸ்விட்சைப் போட்டதும் ஒரு சின்ன வாசனை. தங்கச்சி கல்யாண ஃபோட்டோ எல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க். இன்று வரை வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

உங்கள் ஊரில் கரண்ட் எப்படி என்று தெரியும். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் அதில் இதை ஓட்டாதீர்கள், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் அதனோடு சிலசமயம் ஒத்துப்போகாமல் ரீஸ்டார்ட் ஆகும். 600 விஏ யூபிஎஸ் என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், கேமை சேவ் செய்து மூடும் அளவுக்கு அது போதும். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குடியாத்தம்_கேமர்

லேபிளைப் பார்த்தேன் அண்ணா, 12 வோல்ட் 22 ஆம்பியர். பெருக்கினால் 264 வாட்தான் வருகிறது! 450 எங்கே போயிற்று?

இன்னொரு கேள்வி. கடையில் விசாரித்தபோது 5600 எல்லாம் பழசு, இன்டெல் 12400எஃப் எடுத்துக்கொள் என்கிறார்கள். எடுக்கலாமா?

பாலாற்று_மணல்

450 அட்டையிலேயே தங்கிவிட்டது.

12400எஃப் நல்ல பிராசசர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு எல்ஜிஏ1700 சாக்கெட், நண்பனின் போர்டு வீணாகிவிடும், புதிதாக எச்610 இல்லையென்றால் பி760 போர்டு வாங்க வேண்டும். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது, அந்த போர்டுகளில் டிடிஆர்4 எடுப்பதும் டிடிஆர்5 எடுப்பதும் கிட்டத்தட்ட ஒரே பெயரில் கிடைக்கும், பெயரின் கடைசியில் டி4 என்று ஒரு துண்டு ஒட்டியிருப்பதைப் பார்க்காமல் வாங்கினால் மாமா பையன் ரேம் மறுபடியும் அலமாரிக்குப் போகும். அப்புறம் அந்த எஃப் என்ற எழுத்து. அதன் பொருள், பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் வேலூரைக் கிண்டல் செய்வார்களே, அந்த வரிசையில் படம் காட்டாத பிராசசர். (பாலாறு 2021 நவம்பரில் வெள்ளமாக வந்து பதில் சொல்லிவிட்டது, அது வேறு கதை.) 5600-ம் அதே ஜாதிதான், எஃப் என்று எழுதாமலேயே.

வாலாஜா_ரோடு

நண்பா, கேபினெட் முன்பக்கம் கண்ணாடியா, ஜல்லடையா? கண்ணாடி என்றால் கத்திரி வெயிலில் வேலூர் பக்கம் மாடி அறையில் அது அடுப்புதான், முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள என்று வைத்தாக வேண்டும். கார்டு வாங்கும் முன் உள்ளே டேப் வைத்து அளந்து பாருங்கள். 4060 என்று ஒரே பெயர்தான், இரண்டு ஃபேன் வைத்தது 250 மில்லிமீட்டருக்குள் அடங்கும், மூன்று ஃபேன் வைத்தது 300-ஐத் தொடும். முன்னால் ஃபேன் மாட்டினால் அதன் தடிமன் 25-ஐயும் கழித்துக்கொள்ளுங்கள்.

நான் காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்த்தான் வாங்குவேன். சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், வாரண்டிக்கு அலையும்போது தெரியும்.

குடியாத்தம்_கேமர்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நண்பன் வீட்டிலேயே பயாஸ் ஏற்றிவிட்டு போர்டை வாங்கினேன், 5600, இரண்டு ஃபேன் 4060, 550 வாட் எல்லாம் வந்தாயிற்று. உள்ளே 280 மில்லிமீட்டர்தான் இருந்தது, மூன்று ஃபேன் எடுத்திருந்தால் சிக்கலில் மாட்டிக்கொண்டிருப்பேன். நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாட்டினேன். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஆனால் மானிட்டரில் சிக்னல் இல்லை என்றே வருகிறது. ரேமை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். போர்டு போய்விட்டதா அண்ணா? பயமாக இருக்கிறது.

பாலாற்று_மணல்

எச்டிஎம்ஐ கேபிளை எதில் சொருகியிருக்கிறாய்?

குடியாத்தம்_கேமர்

பின்னால், யூஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதில்தான்.

பாலாற்று_மணல்

அது போர்டின் ஓட்டை, ராஜா இல்லாத கோட்டை தம்பி. கொஞ்சம் கீழே கார்டில் இருக்கும் ஓட்டையில் சொருகு.

குடியாத்தம்_கேமர்

வந்துவிட்டது!! அம்மாவை எழுப்பிக் காட்டினேன், திட்டு விழுந்தது.