இன்வெர்ட்டர்ல போட்டா ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) உறுமுது, நேரா பேட்டரியில ஓட்டலாமா?

முதுநகர்க்காரன்:
கடலூர் ஓ.டி. (முதுநகர்). அப்பா 1994ல உள்ளூர் மெக்கானிக்கிட்ட அசெம்பிள் பண்ணி வாங்கின ஆம்ப், ரெண்டு 8 ஓம் ஸ்பீக்கர் பாக்ஸ். காலையில 5 மணிக்குப் பாட்டு ஓடலன்னா அவருக்குக் காபி இறங்காது. கரண்ட் போனா பழைய ஸ்கொயர் வேவ் (கரண்டை வளைவா இல்லாம கட்டம் கட்டமா தர்ற) இன்வெர்ட்டர்தான். பாட்டுக்கு அடியில 'உர்ர்'னு ஒரு சத்தம், தேனீயை டப்பால அடைச்ச மாதிரி. 2024 ஃபெஞ்சல் புயலப்ப இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே படுத்துடுச்சு. யுபிஎஸ்ல கழட்டின 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி ஒண்ணு சும்மா கிடக்கு. நேரா கொடுக்கலாமா? டிரான்ஸ்பார்மர் மேல 12-0-12ன்னு போட்டிருக்கு.

ஈயப்பத்து:
கொடுத்துடாதீங்க. 12-0-12ன்னா பெரும்பாலும் உள்ள போர்டுக்கு பிளஸ் 17, மைனஸ் 17 வோல்ட்னு ரெண்டு பக்க சப்ளை போகும். அப்படின்னா ஒத்தை பேட்டரி பத்தாது. அந்த ஆம்பை அப்படியே வச்சுட்டு, டிபிஏ3116 சிப் போட்ட கிளாஸ் டி (கரண்ட் கம்மியா இழுக்குற) ஆம்ப் போர்டு ஒண்ணு வாங்குங்க. 4.5ல இருந்து 26 வோல்ட் வரைக்கும் தாங்கும். 12 வோல்ட்ல, 8 ஓமுக்கு ஒரு பாக்ஸுக்கு 7 வாட் வரும். சிரிக்காதீங்க, ஹாலுக்கு அது தாராளம்.

பாண்டி பழையசாமான்:
பேட்டரி பிளஸ் முனையை ஒட்டியே 5 ஆம்பியர் பைக் ஃபியூஸ் போடுங்க. சின்ன பேட்டரின்னு அலட்சியம் வேணாம், ஷார்ட் ஆனா ஒயரே பழுத்துடும். நான் ஒருவாட்டி ஸ்பேனரை முனை மேல போட்டு ஸ்பேனர்லயே பள்ளம் விழுந்தது. 12 வோல்ட்ல 7 ஏஎச்னா 84 வாட்-அவர். இந்த மாதிரி லெட் ஆசிட் பேட்டரியில பாதி சார்ஜோட நிறுத்திக்கணும். வீட்டுச் சத்தத்துக்கு 6 வாட் இழுத்தாலும் 7 மணி நேரம் ஓடும். பேட்டரி பழசுன்னா கழிச்சுக்குங்க.

முதுநகர்க்காரன்:
மாட்டியாச்சு! ஆனா அதே பேட்டரியில கார் சார்ஜர் வச்சு போனுக்குச் சார்ஜ் ஏத்தினா 'கீஈ'ன்னு கொசு சத்தம்.

ஈயப்பத்து:
கிரவுண்ட் லூப், அதாவது சார்ஜ் ஒயர், பாட்டு ஒயர்னு ரெண்டு வழியா மைனஸ் சேர்ந்து சத்தம் உள்ள வருது. பாட்டு அதே போன்லதானே ஓடுது? சார்ஜ் ஒயரை உருவிடுங்க, இல்ல பவர் பேங்க்ல ஏத்துங்க.

முதுநகர்க்காரன்:
உருவினதும் போயிடுச்சு, நன்றிண்ணே. நேத்து விடியக்காலம் கரண்ட் இல்ல. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல அப்பா எழுந்து வந்து பாக்ஸ்ல காதை வச்சுப் பாத்தாரு, செட்டு ஓடுதா நின்னுடுச்சான்னு. பேஸ் குமிழ் எங்கடான்னு ஒரு குறை மட்டும் இன்னும் இருக்கு.