டெங்கு நோயாளியைக் கடித்த கொசு உடனே என்னைக் கடித்தால் எனக்கும் வருமா?

மழைக்குருவி:
அக்காவுக்கு டெங்கு உறுதியாகிவிட்டது. வீட்டில்தான் ஓய்வில் இருக்கிறாள். மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் கையில் ஒரு கொசு. அடித்தேன், ரத்தம் தெறித்தது. அது அவளுடைய ரத்தமாக இருந்தால் எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா? ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது போலத்தானே இதுவும்?
இன்னொன்று. டெங்குவை ஒழிக்கக் கொசுவை வளர்த்துத் திறந்துவிடுகிறார்களாமே, இதென்ன கூத்து?

தனிவழி:
ரிஸ்க் வேண்டாம் சகோ, நாளைக்கே டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

கருவரிக்கால்:
நாளைக்கே எடுத்தால் ஒன்றும் தெரியாது. கடிபட்டு நான்கிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் பொதுவாகக் காய்ச்சலே வரும்.

நான் கொசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கொசுவை ஊசியாக நினைப்பதுதான் இந்தப் பயத்துக்குக் காரணம். அது ரத்தத்தை உறிஞ்சும் குழாய் வேறு, நம் தோலுக்குள் உமிழ்நீர் விடும் குழாய் வேறு. குடித்த ரத்தம் நேராக நடுக்குடலுக்குப் போகிறது. வைரஸ் அந்தக் குடல் சுவரின் செல்களுக்குள் நுழைந்து, பெருகி, சுவரைத் தாண்டி, உடம்பெல்லாம் பரவி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். இதற்குச் சாதாரணமாக 8 முதல் 12 நாள் பிடிக்கும், வெயில் காலத்தில் சீக்கிரம் முடியும். குடல் சுவரிலேயே வைரஸ் மாட்டிக்கொண்டு கதை முடிந்துபோகும் கொசுக்களும் உண்டு. நீங்கள் அடித்த கொசு அக்காவை அப்போதுதான் கடித்திருந்தால், அந்த ரத்தத்தால் உங்களுக்கு வராது.

ஆனால் அக்காவுக்கு டெங்குவைக் கொடுத்த பழைய கொசு ஒன்று எங்கோ இருக்கிறதே, அது உங்களையும் கடித்திருக்கலாம். அதனால் அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். அக்காவைப் பகலிலும் வலைக்குள் படுக்கச் சொல்லுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. காய்ச்சல் நாட்களில் அவளைக் கடிக்கும் புதுக் கொசுதான் அடுத்த ஆளுக்குக் கொண்டுபோகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. டெங்குவைப் பரப்புவது கிழட்டுக் கொசு மட்டுமே. வைரஸைக் குடித்த பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்தால்தான் அதனால் பரப்ப முடியும். வெளியில் பெரும்பாலான பெண் கொசுக்கள் அதற்குள் செத்துவிடுகின்றன. சரி, கொசுவின் வயதை எப்படிப் பார்ப்பது? கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீர் விட்டு, வயிற்றின் நுனியை ஊசியால் மெதுவாக இழுத்தால் சினைப்பை வெளியே வரும். அதைக் காயவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், காற்றுக் குழல்களின் நுனி நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும். ஒருமுறை முட்டை வளர்ந்துவிட்டால் சுருள் பிரிந்துவிடும், பிறகு சுருளாது. டெட்டினோவா என்ற சோவியத் ஆய்வாளர் காட்டிய வழி இது. கன்னியா, தாயா என்று மட்டும்தான் இது சொல்லும், எத்தனை நாள் என்று சொல்லாது. ஆனாலும் கை பழகிவிட்டால் இதைவிட மலிவான முறை கிடையாது.

கொசுவைத் திறந்துவிடும் கூத்தும் இந்த வயதுக் கணக்கில்தான் ஆரம்பித்தது. பழ ஈக்களில் வால்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. அதில் ‘பாப்கார்ன்’ என்று செல்லப்பெயர் கொண்ட ஒரு வகை, ஈயின் ஆயுளைக் குறைக்கும். ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ'நீல் குழு அதை ஏடிஸுக்குள் ஏற்றியது. கொசுவின் ஆயுள் ஏறத்தாழப் பாதியானது. கிழடாவதற்குள் செத்தால் டெங்கு ஏது? அருமையான யோசனைதான். ஆனால் பின்னாளில் வெளியில் விட்டபோது எடுபடவில்லை. அந்தக் கொசுக்களின் முட்டைகள் காய்ந்து கிடக்கும்போது பிழைக்கவில்லை, பாக்டீரியா நிலைக்காமல் போய்விட்டது. ஆனால் அதற்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் வேறொன்று தெரிந்திருந்தது: வால்பாக்கியா இருக்கும் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதே இல்லை. அதனால் ஆயுளை அவ்வளவாகக் கெடுக்காத இன்னொரு வகையையும் எடுத்தார்கள். 2011இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் விட்ட கொசுக்களில் இருந்தது அதுதான். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்திருந்தது.

மழைக்குருவி:
நிம்மதி. ஆனால் வேண்டுமென்றே விட்டால் கடி கூடுமே?

கருவரிக்கால்:
கூடும், அதை மறைக்க வேண்டியதில்லை. தாயின் முட்டை வழியாகத்தான் வால்பாக்கியா பிள்ளைக்குப் போகும், அதனால் பெண் கொசுவையும் விட்டே ஆக வேண்டும். பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பாக்டீரியா உள்ள பெண்ணுக்கு எந்த ஆணோடு சேர்ந்தாலும் பொரிக்கும். இப்படியே சில மாதத்தில் அது ஊரைப் பிடித்துவிடும், மேலும் மேலும் விட வேண்டியதில்லை.

செம்பருத்தி:
தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயவைத்தேன். திரும்பப் பிடித்தவுடன் மறுபடி புழு. எப்படி?

கருவரிக்கால்:
ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். பேனா முனையால் வைத்த கறுப்புப் புள்ளி அளவுதான். காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். கொட்டினால் போதாது, உட்சுவரைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை.